சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம்

வடசென்னை விம்கோ நகரில் ரயில் பாதையை ஒட்டிய எங்கள் தெருவில், நான்கு வீடு தள்ளி ஓர் ஏழு மாதக் குழந்தை. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம் அது. குழந்தைக்குச் சளி பிடித்து மூன்று நாள் ஆகியிருந்தது. நெஞ்சுக்குள் பூனை உறுமுவதுபோல ‘கர்ர் கர்ர்’ என்று ஒரு சத்தம். தாய்க்கு இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை. “பல்லு மொளைக்கிற சளிதான், தானா போயிடும்” என்று ஆயா தேற்றிக்கொண்டே, தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார்.

அன்று தடுப்பூசிக் கணக்கு பார்க்க வந்திருந்த நகர்ப்புற சுகாதார செவிலியர், “கொழந்தையைக் கொஞ்சம் காட்டும்மா” என்றார். காதில் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை. பால் குடித்துவிட்டுக் கண்ணயர்ந்திருந்த குழந்தையைத் தாயின் மடியிலேயே இருக்க விட்டு, சட்டையை நெஞ்சு வரை தூக்கினார். செல்போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டினார். “யாரும் பேசாதீங்க.” வயிறு ஏறுவதை மட்டும் பார்த்தபடி இருந்தார், உதடு மெல்ல அசைந்தது. ஒரு நிமிடம் முழுதாக முடிந்ததும் சொன்னார்: “அறுபத்திரண்டு.”

ஆயாவுக்கு அது புரியவில்லை. “இன்னா சிஸ்டர், சளிதானே?”

“அந்தச் சத்தம் பெருசு இல்ல ஆயா. இங்க பாருங்க.” கடைசி விலா எலும்புக்குக் கீழே, ஒவ்வொரு மூச்சு உள்ளே போகும்போதும் ஒரு குழி விழுந்தது. விரலால் அழுத்தினால் விழுவது போன்ற குழி. “ஆட்டோ சொல்லுங்க. இப்பவே கெளம்பணும்.”

நிமோனியா. ஐந்து நாள் கழித்துக் குழந்தை வீட்டுக்கு வந்தது, சிரித்துக்கொண்டு. எனக்கு மட்டும் அந்த ஒரு நிமிடம் மனதை விட்டுப் போகவில்லை. எக்ஸ்ரே இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்டெதஸ்கோப் இல்லை. ஒரு கடிகாரமும் இரண்டு கண்ணும் நெஞ்சுக்குள் இருப்பதைச் சொல்லிவிட்டன. எப்படி?

நம் யோக மரபில் ஒரு கணக்கு உண்டு. மனிதன் ஒரு நாளைக்கு 21,600 முறை மூச்சு விடுகிறான் என்பது அது. வகுத்துப் பாருங்கள், நிமிடத்துக்குச் சரியாக 15 வரும். அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு இன்றைய மருத்துவம் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அது பெரியவர் கணக்கு. பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 40 முறைக்கு மேல்கூட மூச்சு விடும். 40 என்றே வைத்துக்கொண்டால் நாளைக்கு 57,600. முதல் பிள்ளை பெற்ற வீட்டில் பலர் இதைப் பார்த்துத்தான் முதலில் பயப்படுகிறார்கள். “என்ன இப்படி நாய்க்குட்டி மாதிரி மூச்சு வாங்குது?” அதோடு விடாமல், சில நேரம் மூச்சு நின்றும் போகும். ஐந்து விநாடி, பத்து விநாடி அசைவே இருக்காது. தாய்க்கு உயிர் போய் உயிர் வரும். பிறகு குழந்தை கடகடவென்று நாலைந்து மூச்சு இழுத்துவிட்டுப் பழைய ஓட்டத்துக்கு வந்துவிடும். முதல் சில மாதங்களில் இது இயல்பு. மூளையில் மூச்சை நடத்தும் பகுதி இன்னும் தாளம் பழகிக்கொண்டிருக்கிறது. இருபது விநாடிக்கு மேல் நின்றாலோ, உதடு நீலம் பூத்தாலோதான் அது வேறு விஷயம். அப்போது ஓட வேண்டும்.

இந்த விட்டுவிட்டு வரும் தாளத்தால்தான் செவிலியர் முழு நிமிடமும் எண்ணினார். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், நின்றுபோன இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். கடகடவென்று ஓடும் இடத்திலும் மாட்டிக்கொள்ளலாம். இரண்டுமே பொய்க் கணக்கு.

குழந்தை ஏன் இவ்வளவு வேகமாக மூச்சு விடுகிறது? அதன் எடைக்கு, நம்மைப்போல இரண்டு மடங்கு ஆக்சிஜன் அதற்கு வேண்டும். ஆறு மாதத்தில் பிறந்த எடை இரட்டிக்கிற உடம்பு அது. உலை எரிந்துகொண்டே இருக்கிறது. நமக்கு அதிகக் காற்று தேவைப்பட்டால் இரண்டு வழி இருக்கிறது: ஆழமாக இழுக்கலாம், அடிக்கடி இழுக்கலாம். மாடிப்படி ஏறி நின்று ‘அப்பாடா’ என்று ஒரு பெருமூச்சு விடுகிறோமே, அது முதல் வழி. நம் விலா எலும்புகள் சாய்ந்து இறங்கி நிற்பதால், வாளியின் கைப்பிடி மேலே எழுவதுபோல எழுந்து நெஞ்சுக்கூட்டை அகலமாக்குகின்றன. குழந்தையின் விலாக்கள் ஏற்கெனவே கிடைமட்டமாக இருக்கின்றன. மேலே எழ இடமில்லை. முழு எலும்பாக இறுகவும் இல்லை, குருத்தெலும்பு அதிகம். ஆகவே உதரவிதானம் ஒன்றே கதி. அதனால்தான் குழந்தை நெஞ்சால் மூச்சு விடாமல் வயிற்றால் விடுகிறது. ஆழமாக இழுக்கும் வழி ஏறக்குறைய அடைபட்டிருப்பதால் மிச்சம் ஒரே வழிதான். எண்ணிக்கையைக் கூட்டுவது.

இங்கேதான் அந்தக் கடிகாரத்தின் ரகசியம் இருக்கிறது. நிமோனியாவில் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் நீரும் சீழும் கோத்துக்கொள்கின்றன. பஞ்சுபோல இருந்த இடம் விறைத்துப்போகிறது. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்று குறைகிறது. குறைந்ததை ஈடுகட்டக் குழந்தைக்கு அந்த ஒரே வழிதான் உண்டு, எண்ணிக்கை ஏறுகிறது. நுரையீரல் இன்னும் விறைத்தால் உதரவிதானம் பலம்கொண்டு இழுக்கிறது. இளகிய நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதி அந்த இழுப்பைத் தாங்காமல் உள்ளே மடிகிறது. அந்தக் குழி அதுதான். நம் உடம்பு நோயை உள்ளே மறைத்துக்கொள்ளும். குழந்தையின் உடம்புக்கு மறைக்கத் தெரியாது, எல்லாவற்றையும் வயிற்றின்மேல் எழுதிக் காட்டிவிடுகிறது.

இதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்களின் கதை பப்புவா நியூ கினியின் மலை ஊரான கொரோக்காவில் தொடங்குகிறது. அங்கே குழந்தை மருத்துவராக இருந்த ஃபிராங்க் ஷான் என்ற ஆஸ்திரேலியரும் அவருடைய சகாக்களும் ஒரு நடைமுறைச் சிக்கலில் இருந்தார்கள். இருமலோடு வரும் குழந்தைகள் ஏராளம். அவர்களில் நிமோனியா உள்ளவர் சிலரே. மலைக் கிராமங்களில் எக்ஸ்ரே கிடையாது. ஸ்டெதஸ்கோப்பில் நெஞ்சொலி கேட்டுப் பிரித்தறிய ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும், அதுவும் வைத்தவுடன் குழந்தை வீறிட்டு அழுதுவிடும். எண்ணிப் பார்த்தார்கள். நிமிடத்துக்கு 50-க்கு மேல் போனால் நிமோனியா இருக்க வாய்ப்பு அதிகம் என்று கண்டு 1984-இல் எழுதினார்கள்.

அடுத்த அடியை எடுத்து வைத்தது நம் வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், டி. ஜேக்கப் ஜான் உள்ளிட்டோர், வெறும் சளி இருமலோடு வந்த குழந்தைகளையும் நுரையீரல் வரை நோய் இறங்கிய குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1988-இல் ‘லான்செட்’ இதழில் வந்த அவர்கள் கட்டுரை சொன்னது இது: ஒரு வயதுக்குள் 50-க்கு மேல், ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு 40-க்கு மேல், இவையும் நெஞ்சு உள்வாங்குவதும் நம்பத்தக்க அடையாளங்கள். “வேகமா மூச்சு விடுது” என்று தாய் சொல்வதும் அந்தப் பட்டியலில் இருந்தது. தாயின் சொல்லுக்கு ஓர் ஆய்விதழில் கிடைத்த இடம் அது. எனக்கு அதில் ஒரு பெருமிதம் உண்டு.

பிறகு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைகளைத்தான் இன்று இந்தியா முழுவதும் களப்பணியாளர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலே வேகமான மூச்சுதான். சிசுவுக்கு 60 வந்தால் இன்னொரு முறை எண்ணி உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இது பிசகாத கணக்கு அல்ல. காய்ச்சல் ஏறினாலே மூச்சும் ஏறும்; வீசிங் வந்தாலும் ஏறும். வேகமாக மூச்சு விடும் குழந்தைகள் எல்லோருக்கும் பாக்டீரியா நிமோனியா இருப்பதில்லை. ‘இந்தக் குழந்தையை இன்றே ஒரு டாக்டர் பார்த்தாக வேண்டும்’ என்று சொல்லும் மணி அது, அவ்வளவே. 2019-இல் மட்டும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 7,40,180 குழந்தைகள் நிமோனியாவால் இறந்தார்கள். அந்த மணி நேரத்தில் ஒலித்தால் சாதாரண அமாக்சிசிலினுக்கே பெரும்பாலான பாக்டீரியா நிமோனியா கட்டுப்படும். டாக்டர் பார்த்து, எடைக்குக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டிய மருந்து அது. பக்கத்து வீட்டில் மிஞ்சிய பாட்டிலிலிருந்து ஊற்றுவதல்ல.

அப்படியானால் அந்தக் ‘கர்ர்’ சத்தம்? நம் வீடுகளில் அதைத்தான் ‘நெஞ்சுச் சளி’ என்கிறோம். பெரும்பாலும் அது நெஞ்சிலிருந்து வருவதே இல்லை, மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் வருகிறது. நெஞ்சில் கை வைத்தால் அதிர்வு தெரிவதால் நெஞ்சு என்று நினைக்கிறோம். முதல் சில மாதங்கள் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். அதன் குரல்வளை நம்முடையதைவிட மேலே, மூக்கின் பின்வாசலை ஒட்டி இருப்பதால், உறிஞ்சிக்கொண்டே மூச்சும் விட முடிகிறது. மூக்கு அடைத்தால் பால் குடிப்பது கெடும். குடித்து விட்டு, அழுது, மறுபடி குடிக்கும். பாலூட்டுவதற்கு முன் உப்புநீர் சொட்டு மருந்து இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தால் போதும்.

சின்னக் குழாய் அடைபடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு, பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 1840-களில் வெளியிட்ட ஒரு விதி இருக்கிறது. குழாயின் அகலம் பாதியானால் அதில் காற்று ஓடுவதற்கான தடை இரட்டிப்பாகாது, 16 மடங்காகும். இளநீர்க் கடையில் ஸ்ட்ராவை விரலால் லேசாக நசுக்கி உறிஞ்சிப் பாருங்கள், தெரியும். நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள குழந்தையின் குழாயில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் அகலம் பாதி, தடை 16 மடங்கு. எட்டு மில்லிமீட்டர் குழாய் வைத்திருக்கும் பெரியவருக்கு அதே வீக்கம் வந்தால் மூன்று மடங்கு சொச்சம். ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் நமக்கு மூக்கொழுகலும் தும்மலுமாக முடிந்துவிட்டு, நாம் முத்தம் கொடுத்த குழந்தைக்கு மட்டும் மூச்சிரைப்பாக மாறுவது இதனால்தான். சளி பிடித்தவர்கள் கைக்குழந்தையை எடுக்கும் முன் கை கழுவ வேண்டும் என்பது இந்த 16 மடங்குக்குச் செலுத்தும் மரியாதை.

இனி எங்கள் ஊர்க் காற்று. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் இது. 2021-இலிருந்து மெட்ரோ வந்து நிற்கிறது. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுகின்றன. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டாலும் வடசென்னை, வல்லூர் நிலையங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் சாலைக்கு ஓடினார்கள். எடைக்கு இரண்டு மடங்கு காற்று இழுக்கும் குழந்தை, காற்றில் இருப்பதையும் இரண்டு மடங்கு இழுக்கிறது. அதுவும் எந்த வயதில்? நுரையீரலின் காற்றறைகள் பிறக்கும்போது சில கோடிதான்; பெரியவருக்கு முப்பது கோடிக்கும் மேல். அவற்றில் பெரும்பகுதி உருவாவது முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில். வீடு கட்டிக்கொண்டிருக்கும்போதே புழுதி படிகிறது.

இதைத் தலைவிதி என்று விட்டுவிட நான் தயாரில்லை. தெற்கு கலிஃபோர்னியாவில் பள்ளிப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்தவர்கள் 2015-இல் சொன்னார்கள்: காற்று சுத்தமாகச் சுத்தமாக, அடுத்தடுத்து வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் வலுவும் கூடியது. அங்கே முடிந்தது எண்ணூரிலும் முடியும். அதைக் கேட்பது எங்கள் உரிமை.

வீட்டுக்குள் இருக்கும் புகையை நிறுத்த மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மாலை ஆறு மணிக்கு எங்கள் தெருவில் கதவுகள் சாத்தப்படும், கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்தி கொளுத்தப்படும். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அறை சாத்தியிருக்கிறது, குழந்தை உள்ளே தூங்குகிறது. குளிப்பாட்டியபின் தலையைக் காயவைக்கப் போடும் சாம்பிராணியும் புகைதான், மணமான புகை. கொசுவுக்கு வலை இருக்கிறது, ஈரத்துக்குத் துண்டு இருக்கிறது.

ஆயாவின் கற்பூர எண்ணெய்க்கு வருகிறேன். அன்பில் செய்வதுதான், ஆனால் கற்பூரம் சிசுவின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய் வலிப்பைக் கொண்டுவரக்கூடியது. மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது அதைவிட மோசம். எண்ணெய் வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் இறங்கும், இருமல்கூட வராது. தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இப்படி எண்ணெயால் வந்த நிமோனியாவைப் பற்றி 1973-லேயே ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்டிருக்கிறது. ஐம்பது ஆண்டு கடந்தும் அந்தப் பழக்கம் நம் வாசலைத் தாண்டவில்லை.

இருமல் சிரப்பும் வேண்டாம். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு கலந்திருந்ததும், மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததும் மறந்துபோகக்கூடிய செய்தியல்ல. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சளி இருமல் மருந்துகளை எழுதவே கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. நஞ்சு கலக்காத சிரப்பாக இருந்தாலும் அந்த வயதில் அதனால் பயனில்லை. இருமல்தான் குழந்தை தன் குழாயைத் தானே சுத்தம் செய்யும் வேலை.

கொடுக்க வேண்டியது வேறு. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதோடு தடுப்பூசி: ஹிப் கிருமிக்கு எதிரான மருந்தையும் சேர்த்த ஐந்து நோய்த் தடுப்பூசி, இந்தியாவிலேயே முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் வந்தது, 6, 10, 14 வாரங்களில் போடுகிறார்கள். 2021-இலிருந்து நிமோகாக்கஸ் கிருமிக்கான பி.சி.வி. ஊசியும் 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் அரசு மையங்களில் இலவசம். தனியாரில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போட வேண்டியிருந்த ஊசி அது. “அன்னிக்குச் சளி இருந்துச்சு, அதான் போடல” என்று தள்ளிவைக்காதீர்கள். லேசான சளி தடுப்பூசிக்குத் தடையல்ல.

இன்னும் ஒன்று மட்டும். வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று அடங்கி, மூச்சு மெதுவாகி, துவண்டு படுத்தால் ‘குறைஞ்சிடுச்சு’ என்று நிம்மதி அடைய வேண்டாம். களைத்துப்போன குழந்தையும் அப்படித்தான் அடங்கும். நலம் திரும்பிய குழந்தை பால் குடிக்கும், முகம் பார்க்கும், சிரிக்கும். குடிக்க மறுத்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தி எடுத்தாலோ, மூச்சு விடும்போது முனகினாலோ, நெஞ்சுக்குக் கீழே குழி விழுந்தாலோ, வலிப்பு வந்தாலோ எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் கண்டாலே, அல்லது உடம்பு சில்லிட்டாலே, காத்திருக்கக் கூடாது.

இன்று ராத்திரி, உங்கள் குழந்தை நலமாகத் தூங்கும்போது, சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அழும்போதும் பால் குடிக்கும்போதும் வேண்டாம். அப்பா ஒரு முறை, அம்மா ஒரு முறை, ஆயா ஒரு முறை. கிடைத்த எண்ணைத் தேதியோடு தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். மழை நாளில் சளி பிடித்து அந்தக் ‘கர்ர்’ சத்தம் கேட்கும் ராத்திரியில், ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஓர் எண் இருக்கும்.